குடியை விட்டபின் எங்கே போவது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் மது மீட்புக் கூட்டம் தேடுவோருக்கும், அவர்களை வீட்டில் வைத்துத் தவிப்போருக்கும்

2020 ஏப்ரல் முதல் வாரம். ஊரடங்கு தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கோட்டைப்பட்டினம். டாஸ்மாக் கடைகளில் பூட்டுத் தொங்குகிறது. சரக்கு கிடைக்காமல் தவித்த மீன்பிடித் தொழிலாளர்கள் சிலர், முகச்சவரம் செய்தபின் பூசும் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்தார்கள். வாந்தி எடுத்தார்கள், மயங்கினார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள்.

ஓரிரு நாள் அது நாளிதழ்களில் இருந்தது. பிறகு கொரோனா எண்ணிக்கைகளுக்குள் மறைந்துவிட்டது. "லோஷனைக் குடிக்கிற அளவுக்கா போதை கேக்குது?" என்று பேசிவிட்டு ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போனது. அந்தக் கேள்விக்கு மருத்துவம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்த உடம்பில் மது திடீரென்று நின்றால், ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுங்கத் தொடங்கும். வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும், நெஞ்சு படபடக்கும். "காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்குது" என்று டீக்கடை பெஞ்சில் கேட்கிறோமே, அது சாக்குப்போக்கு இல்லை. நரம்பு மண்டலமே மதுவுக்குப் பழகிப்போனதன் அடையாளம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இலேயே இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. நம் தெருவில் இன்றும் இதைத் திமிராகத்தான் பார்க்கிறார்கள்.

கடையைத் திறப்பதா மூடுவதா என்று தமிழ்நாடு தலைமுறை தலைமுறையாகப் பேசிவருகிறது. குடியை நிறுத்திய மனிதன் மறுநாள் மாலை ஆறு மணிக்கு எங்கே போய் உட்காருவான் என்பதைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு. அவனைப் போலவே குடித்து, அவனைப் போலவே நிறுத்தியவர்கள் கூடி உட்காரும் இடம் ஒன்று உண்டு. உலகம் முழுக்க 90 ஆண்டுகளாக நடக்கிறது. கட்டணம் கிடையாது. ஆனால், குடியால் சீரழிந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மாலை ஆறு மணி

மது உடம்பை விட்டு இறங்குவதற்கு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் முதல் பத்து நாள் வரை ஆகலாம். மருந்து கொடுத்து, ஊசி போட்டு, நடுக்கத்தை அடக்கி அனுப்பிவிடுவார்கள். சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

திரும்பி வரும் வீடு பழைய வீடுதான். கடன் கொடுத்தவர் அதே தெருவில் இருக்கிறார். மனைவி நம்புவதில்லை. பத்து நிமிடம் தாமதமானால் போன் அடிக்கிறாள், வாசலில் ஏறும்போதே வாயை முகர்ந்து பார்க்கிறாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது, எத்தனை சத்தியத்தைப் பார்த்தவள் அவள்! பக்கத்து வீட்டுக்காரர், "எத்தனை நாளைக்குப்பா இது?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். கட்டட வேலைக்குப் போனால் சனிக்கிழமைக் கூலி கைக்கு வந்ததும், "ஆளுக்கு நூறு போடு" என்று சேர்க்கும் அதே கூட்டாளிகள்.

இந்த மாவட்டத்துக்கென்று தனியாகச் சில சோதனைகளும் உண்டு. ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து. பந்தியில் கிடா கறி, மைதானத்தின் மறுபக்கம் பாட்டில். ஜனவரி பிறந்தால் தச்சன்குறிச்சியில் தொடங்கி ஊர் ஊராக ஜல்லிக்கட்டு. இடையிடையே காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா. எல்லாவற்றையும்விட ஆபத்தானது இழவு வீடு. அழுது களைத்தவனிடம், "ஒரு நாள்தானே மாப்ளே, மனசு ஆறும்" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போகிறவர் விரோதி இல்லை, சொந்தக்காரர். அவரிடம் மறுத்துச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தைத் தனியாக உட்கார்ந்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

குடிநோயிலிருந்து மீண்டவர்கள் முதல் கிளாஸைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுவார்கள். பத்தாவது கிளாஸைப் பற்றிய கவலை அவர்களுக்கு இல்லை. முதலாவது உள்ளே போய்விட்டால் மீதி ஒன்பதும் தானாகப் போகும் என்பது அவர்களின் அனுபவம். அந்த முதல் கிளாஸ் கையில் வரும் நேரம் மாலை ஆறு, ஏழு மணி. மீட்புக் கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் வைக்கப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

---
பெட்டி: எண்கள் சொல்வது

● மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் வந்த சிக்கலுக்கு உதவி தேவை.

● மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஓர் உதவியோ சிகிச்சையோ கிடைத்தவர் 38 பேருக்கு ஒருவர். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

● தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு-5இன்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவிகிதம் பேர் மது அருந்துகிறார்கள்.

● 42.8 சதவிகித ஆல்கஹால் உள்ள 180 மில்லி குவார்ட்டரில் இருக்கும் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம்.
---

ஓட்டல் வராந்தாவில் ஒரு டெலிபோன்

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வந்த பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன் ஓட்டலில் தனியாக நிற்கிறார். வந்த காரியம் தோற்றுவிட்டது. ஐந்தாறு மாதமாகக் குடிக்காமல் இருப்பவர். ஒருபக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் டெலிபோன். அவர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து எண்களைச் சுழற்றினார். கேட்டது பணமோ வேலையோ இல்லை. "இந்த ஊரில் என்னைப் போன்ற குடிகாரர் ஒருவரோடு நான் பேச வேண்டும்" என்பதுதான் அவர் வேண்டியது.

அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம் மட்டும் பேசுவதாகச் சொல்லி வந்தவர், மணிக்கணக்கில் பேசினார். காரணம் எளிது. அவருக்கு அதுவரை அறிவுரை சொன்னவர்கள் யாரும் குடித்துக் கெட்டவர்கள் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரோ தன் கதையைச் சொன்னாரே தவிர, உபதேசம் எதுவும் செய்யவில்லை. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அந்த நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. திருச்சி, மதுரை, சென்னை, கோவை போன்ற நகரங்களில் தமிழிலேயே கூட்டம் நடத்தும் குழுக்கள் இருக்கின்றன.

இதெல்லாம் வெறும் மனத்திருப்திதானா, பலன் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். உலக அளவில் மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு சேர்த்து மதிப்பிட்டது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ. கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை மற்ற முன்னணி மனநலச் சிகிச்சைகளைவிடக் கூடுதலான பலன் தந்ததாக அது முடிவுக்கு வந்தது. எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வந்தும் மறுபடி குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி கூட்டத்துக்கு வரலாம், யாரும் விரட்டுவதில்லை.

உள்ளே என்ன நடக்கும்?

முதல் முறை போகிறவருக்கு வாசலில் கால் தயங்கும். பெயர் எழுதிக்கொள்வார்களா, போட்டோ எடுப்பார்களா, ஆதார் கேட்பார்களா, ஊரில் சொல்லிவிடுவார்களா என்று ஆயிரம் யோசனை.

எதுவும் கிடையாது. பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறையோ தேவாலய வளாகத்தின் ஓர் அறையோதான் இடம். வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவர் தலைவர் இல்லை, டாக்டர் இல்லை, அவரும் குடிநோயாளி. மன அமைதி வேண்டி ஒரு சிறு பிரார்த்தனை, சங்கத்தின் புத்தகத்திலிருந்து ஒரு பகுதி வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராகப் பகிர்வார்கள். "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்றுதான் பேச்சு தொடங்கும். வண்டியை அடகு வைத்தது, மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்தது, அம்மாவின் காரியத்தன்று போதையில் விழுந்து கிடந்தது என்று, வெளியே எங்கும் சொல்ல முடியாததை இங்கே சொல்வார்கள். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லையென்றால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். டீ இருக்கும்.

சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். சாதி, மதம், கட்சி எதுவும் கேட்கப்படுவதில்லை. முழுப்பெயர்கூடத் தேவையில்லை. 'யார் மகன், எந்தத் தெரு' என்ற இரண்டு கேள்வியில் ஓர் ஆளின் ஜாதகத்தையே சொல்லிவிடும் நம் ஊர்களில், முதல் பெயரோடு மட்டும் ஒருவர் உட்கார முடிகிற அறை மிக அரிது. செலவுக்கு ஒரு பை சுற்றிவரும். இஷ்டப்பட்டவர் போடலாம், புதியவர் போட வேண்டியதில்லை. அரசிடமோ கம்பெனிகளிடமோ நன்கொடை வாங்குவதில்லை என்பது சங்கத்தின் மரபு.

'இன்று ஒரு நாள் மட்டும்' என்பது அவர்களின் கணக்கு. ஆயுசு முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்வதில்லை. அப்படிச் சத்தியம் செய்து முறித்தவர்கள்தானே எல்லோரும்? இன்றைய பொழுதைக் குடிக்காமல் தாண்டினால் போதும். இரவு பத்து மணிக்கு மனசு தடுமாறினால் கூப்பிட ஒரு மூத்தவரின் எண் கையில் இருக்கும். அவரை ஸ்பான்சர் என்பார்கள். என் பார்வையில், கூட்டத்தைவிடவும் பல சமயம் உயிரைக் காப்பது அந்த எண்தான்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் தயங்குவதுண்டு. பன்னிரண்டு படிகளில், தமக்கு மேற்பட்ட ஒரு சக்தியை நம்புவது பற்றிப் பேச்சு வருகிறது. அது அவரவர் புரிந்துகொள்ளும் வகையில் என்றுதான் சங்கம் சொல்கிறது. அந்தக் கூட்டத்தையே தமக்கு மேற்பட்ட சக்தியாக எடுத்துக்கொண்டு பல ஆண்டு குடிக்காமல் இருக்கும் நாத்திகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து போகும் வழி

திருச்சிக்கு ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். கீரனூர், விராலிமலைக்காரர்களுக்குத் திருச்சி கூட்டம் எட்டும் தூரம். பொன்னமராவதிக்காரருக்கு மதுரைப் பக்கம் போக வழி இருக்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அன்றைய கூலியையும் இழந்து, கடைசி பஸ்ஸையும் பிடித்தாக வேண்டும். வாரம் ஒருமுறை அப்படிப் போய்வா என்று ஒரு கடலோரத் தொழிலாளியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செல்போன். 2020 ஊரடங்கில் அறைகள் மூடப்பட்டபோது ஏ.ஏ. கூட்டங்கள் இணையத்துக்கு மாறின, அதன் பிறகும் தொடர்கின்றன. கேமராவை அணைத்துவிட்டுக் காதில் கேட்டாலே போதும். வீட்டில் இடமில்லாதவர் கரையோரம் உட்கார்ந்து கேட்கலாம். இரண்டாவது வழி, சொந்த ஊரிலேயே கூட்டம் தொடங்குவது. குடியை நிறுத்தும் நோக்கத்தோடு இரண்டு பேர் சேர்ந்தாலே அதைக் குழு என்று சங்கம் ஏற்கிறது.

முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். புதுக்கோட்டை முள்ளூரில் 2017இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை பெறலாம், கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கும் முறைவைத்து வருகிறார்கள். எந்த நாள் என்று அந்தந்த மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம். அங்கேயே, "இந்தப் பக்கம் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்குது?" என்றும் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் சொல்பவர்களும் தெரிந்து வைத்துக்கொள்வார்கள். தமிழ்நாடு அரசு 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. குடி ஏக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் இன்று இருக்கின்றன. மாத்திரை சாப்பிடுகிறவர் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று விதியில்லை. இரண்டும் சேர்ந்தால் நல்லது.

---
பெட்டி: இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்

● 14446: மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். கட்டணமில்லை.

● 14416: டெலி மானஸ் மனநல உதவி. தமிழில் பேசலாம்.

● 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை.

● 181: பெண்களுக்கான உதவி. 1098: குழந்தைகளுக்கு. 108: ஆம்புலன்ஸ்.

● இந்திய ஏ.ஏ.வின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் அருகிலுள்ள ஊரின் கூட்டத்தைத் தேடலாம். கிளம்புமுன் போன் செய்து நாள், நேரம், இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

● 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தாரும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும்.
---

மாலை, கயிறு, பொடி

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடிப்பதில்லை. தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போகிறவர் விரதம் முடியும் வரை தொடுவதில்லை. ரமலான் மாதம் முழுக்க விலகி நிற்பவர்கள் கடலோர ஊர்களில் இருக்கிறார்கள். முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும், மாதா கோயிலில் வேண்டிக்கொள்வதும் உண்டு. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. அந்த நாற்பத்தெட்டு நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊருக்கே தெரிய ஓர் அடையாளம் கழுத்தில் இருக்கிறது. கூட இருப்பவர்களும் அதே விரதத்தில் இருக்கிறார்கள். காலையும் மாலையும் பஜனை என்று ஒரு வேலை இருக்கிறது. "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. ஒரு மீட்புக் கூட்டம் தருவதும் கிட்டத்தட்ட இதைத்தான். மாலையைக் கழற்றிய நாளன்று இத்தனையும் ஒன்றாகக் கழன்றுவிடுகிறது, அன்று மாலையே பலர் கடைக்குப் போய்விடுகிறார்கள். மாலையைக் கழற்றும் வாரத்திலேயே ஒரு கூட்டத்துக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டால், கைக்கு வந்த ஒரு மண்டலம் வீணாகாது. குருசாமிகள் இதை மனத்தில் வைத்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும்.

ஆபத்தானது இன்னொன்று. 'அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று சுவரிலும் செல்போனிலும் விளம்பரம் வருகிறது. சோற்றிலும் காப்பியிலும் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு பொடி. அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளிக்கு விவரம் சொல்லி, சம்மதம் பெற்று, பரிசோதனை செய்தபின் மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். தெரியாமல் கலந்து கொடுப்பது அன்பின் பேரில் செய்தாலும் விஷம் வைப்பதற்குச் சமம்.

---
பெட்டி: கூட்டத்துக்கு முன் ஆஸ்பத்திரி

தினமும் அதிகமாகக் குடிப்பவர் வீட்டில் அடைந்து கிடந்து திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 12 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் குழப்பம், காய்ச்சல், இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவது, யாரோ கூப்பிடுவதாகக் கேட்பது எல்லாம் தொடங்கினால் அது உயிர் போகும் நிலை. பேய் பிடித்ததாக எண்ணி வேறெங்கும் கொண்டுபோகாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். 'பல வருஷமாகக் குடிக்கிறார், இத்தனை மணிக்கு நிறுத்தினார்' என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பி1 வைட்டமின் ஊசி முதல் சரியான மருந்து வரை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்திருக்கிறது.
---

சமையலறையில் காத்திருந்தவர்கள்

ஏ.ஏ. தொடங்கிய காலத்தில் கணவர்கள் கூட்டத்தில் இருக்க, மனைவிகள் காப்பி போட்டுக்கொண்டும் வெளியே காத்துக்கொண்டும் இருந்தார்கள். நமக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறதே என்று அவர்கள் தமக்குள் பேசத் தொடங்கியதில் பிறந்தது அல்-அனான். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் அதை முறைப்படி தொடங்கினார். குடிப்பவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், குடும்பத்தார் தங்கள் மனத்தை மீட்டெடுக்கும் கூட்டம் அது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக உண்டு.

புதுக்கோட்டைப் பெண்களுக்கு இது ஏ.ஏ.வைவிட அவசரமாகத் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு-5இல், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவிகிதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் காரணம் குடி மட்டும் என்று சொல்ல முடியாது. கணவன் குடிக்கும் வீட்டில் இது கூடுகிறது என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன.

கணக்கைப் பாருங்கள். குறைந்த விலைக் குவார்ட்டர் ஏறத்தாழ 140 ரூபாய். நாளுக்கு ஒன்று என்றால் மாதம் 4,200 ரூபாய். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக அதே வீட்டுப் பெண்ணின் கணக்கில் வருவது 1,000 ரூபாய். 100 நாள் வேலையின் 2025-26ஆம் ஆண்டுத் தினக்கூலி 336 ரூபாயில் இரண்டு குவார்ட்டர் வாங்கினால் மிச்சம் 56 ரூபாய். இந்த மிச்சத்தில்தான் குழுக் கடனின் வாரத் தவணையும் பிள்ளையின் நோட்டும் அடங்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் ஊர் சொல்வது, "நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?" அந்த ஒரு சொல்லின் பாரத்தை இறக்கி வைக்கவாவது அவளுக்கு ஓர் இடம் வேண்டும். கணவனின் குடிக்கு அவள் காரணம் இல்லை, அதைக் கட்டுப்படுத்தவும் அவளால் முடியாது என்று, அதே நிலையில் இருந்து மீண்ட இன்னொரு பெண்ணின் வாயால் அவள் கேட்க வேண்டும். மகளிர் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மாதத்தில் ஒரு கூட்டத்தைக் கடன் பேச்சு இல்லாமல் இதற்கென்று ஒதுக்கலாம்.

குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, வெட்கத்தில் அதிகம். அவர்களுக்குச் செல்போன் வழிக் கூட்டங்கள் பெரிய ஆறுதல்.

அடித்துத் திருத்தும் இடங்கள்

"மறுவாழ்வு மையம்" என்று பலகை மாட்டிய எல்லா இடமும் மையம் அல்ல. ஆளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், அடித்து, பட்டினி போட்டு, சங்கிலியில் கட்டும் இடங்கள் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் வந்துகொண்டே இருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகும் நாம் முழுதாகப் பாடம் கற்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. பதிவு பெறாமல் மையம் நடத்தக் கூடாது, நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. சேர்க்குமுன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார், குடும்பத்தார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். பார்க்கவே விடமாட்டோம் என்றால் அங்கே விடாதீர்கள்.

நல்ல முன்மாதிரி தொலைவில் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, நோயாளிகள் சென்னைக்கு வர முடியாததைப் பார்த்துத் தானே கிராமத்துக்குப் போனது. இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் அது முகாம் நடத்தியது. சுற்றுவட்டாரக் குடிநோயாளிகளை உள்ளூரிலேயே தங்கவைத்து, உள்ளூர்க்காரர்களின் உதவியோடு மருத்துவமும் ஆலோசனையும் கொடுத்து, குடும்பத்தாரையும் அழைத்துப் பேசி, முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து கவனித்தது. புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் போய்ச்சேரும் தூரத்தில்தான் அந்த ஊர்.

விற்கிறவரின் கடமை

1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் கருணாநிதி ஆட்சியில் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1980களின் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி கடைகள் வந்தன. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2024-25இல் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் தலா 500 கடைகள் மூடப்பட்டன. அப்போது அந்தக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அடுத்த கடைக்கு நடந்தார்கள்.

வருவாயில் ஒரு சிறு பங்கு மீட்புக்கு வர வேண்டும் என்று கேட்பது பிச்சை இல்லை. ஒவ்வொரு டாஸ்மாக் வாசலிலும் ஆள் உயரத்துக்கு 14446 என்ற எண் எழுதப்பட வேண்டும். பாட்டிலின் எச்சரிக்கை வாசகத்துக்கு அருகே அதே எண் அச்சாக வேண்டும். மாவட்டத்தின் 12 வட்டத் தலைமையிடங்களிலும் மாலை நேரத்தில் ஓர் அறை, வாரத்துக்கு ஒருமுறை, வாடகையில்லாமல் திறந்துவிடப்பட வேண்டும். இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை, மாவட்ட நிர்வாகம் நினைத்தால் போதும்.

இந்த மாவட்டத்துக்கு இது கைவந்த வேலை. 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஊர் ஊராக மாலை வகுப்பு நடத்தினார்கள். கட்டடத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. பகலெல்லாம் கல் உடைத்த பெண்கள் இரவில் வந்து உட்கார்ந்தார்கள், பிறகு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகம் படித்தது. அதே காலத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்த தூபகுண்டா பெண்கள்தான் சாராயத்துக்கு எதிரான பெரும் போராட்டத்தைக் கிளப்பினார்கள். ஊர்க்காரர்கள் மாலையில் கூடி உட்கார்ந்தால் என்னென்ன மாறும் என்பதைப் புதுக்கோட்டை முன்பே பார்த்திருக்கிறது.

எனவே பள்ளித் தலைமையாசிரியர்களே, நூலகர்களே, பள்ளிவாசல் ஜமாத்தாரே, பங்குத் தந்தையரே, கோயில் நிர்வாகிகளே, ஊராட்சித் தலைவர்களே! உங்கள் பொறுப்பில் மாலையில் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று இருக்கும். அதன் சாவியை வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். யார் வந்தார்கள் என்று எட்டிப் பார்க்காதீர்கள். குடியை விட்டுச் சில வருடமாக இந்த மாவட்டத்தில் அமைதியாக வாழ்கிறவர்களே, உங்களில் இரண்டு பேர் அந்த அறைக்கு வந்தால் ஒரு குழு தொடங்கிவிடும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே கை நடுங்கிக்கொண்டிருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இன்றே 14446ஐ அழையுங்கள்.